வெள்ளை ஆகணும்னு ப்ளீச்ல போட்ட 7 சாமான்: பழைய ஆங்கிலக் குழந்தைத் தட்டுகளுக்கு நடந்தது, ஒரு நிகழ்வு ஆய்வு

இது வடக்கு இங்கிலாந்துல ஒரு குடும்பத்துல நடந்தது, 2022 கடைசில ஆரம்பிச்சு 2024 வரைக்கும் இழுத்துச்சு. அவங்க சம்மதத்தோடதான் எழுதறேன், பேரோ ஊரோ எங்கயும் வராது. நான் பழைய ஸ்டாஃபர்ட்ஷயர் (இங்கிலாந்துல பீங்கான் பட்டறைகளுக்குப் பேர்போன இடம்) பீங்கான் வாங்கி விக்கிற ஆளு, வீக்கெண்ட்ல ஃபேர்ல ஸ்டால் போடறேன், கன்சர்வேட்டர், அதாவது பழைய பொருளை சிதையாம காப்பாத்தி சரிபண்ற நிபுணர், கிடையாது. இதுல நான் சரியா பண்ணதும் இருக்கு தப்பா பண்ணதும் இருக்கு, ரெண்டையும் அப்படியே வைக்கறேன், ஏன்னா இதே ப்ளீச் பாட்டிலோட இன்னும் எத்தனையோ பேர் வீட்டு சிங்க் முன்னாடி நிக்கறாங்க.

பின்னணி

அந்த வீட்டம்மா, இனிமே ‘அந்தம்மா’ன்னே சொல்றேன், அவங்களோட சித்தி தனியா வாழ்ந்து 2022 கோடையில இறந்துட்டாங்க. ரிட்டயர்டு டீச்சர். 1950-கள்ல இருந்து ஏலத்துலயும் சர்ச் விற்பனையிலயும் ஒண்ணொண்ணா வாங்கி சேர்த்த குழந்தைத் தட்டு 13, குட்டி மக் 6, மொத்தம் 19 இவங்களுக்கு வந்துச்சு. ஒவ்வொண்ணோட அடியிலயும் ஒரு சின்ன பேப்பர் ஒட்டி, எந்த ஊர்ல எந்த வருஷம் என்ன விலைக்கு வாங்கினதுன்னு சித்தி பென்சில்ல எழுதி வச்சிருந்தாங்க. இந்த பேப்பரை ஞாபகம் வச்சுக்கங்க.

இந்த சாமான் என்னன்னு தெரியாதவங்களுக்கு கொஞ்சம் சொல்லணும், ஏன்னா இது எதுக்காக எப்படி செஞ்சாங்கன்னு புரிஞ்சாதான் ஏன் கெட்டுப்போச்சுன்னும் புரியும்.

சுமாரா 1790-ல இருந்து 1890 வரைக்கும் இங்கிலாந்துல குழந்தைங்களுக்குன்னே தனியா தட்டும் மக்கும் செஞ்சாங்க. ஸ்டாஃபர்ட்ஷயர்ல பர்ஸ்லம், டன்ஸ்டல், ஹேன்லி பக்கம்தான் அதிகம், சண்டர்லண்ட், நியூகாசில்லயும் உண்டு, பக்கத்துல வேல்ஸ்ல ஸ்வான்சியிலயும் செஞ்சாங்க. தட்டு நம்ம உள்ளங்கையை விரிச்சா இருக்கற அளவுதான், நடுவுல ஒரு படம், படத்துக்கு மேலயோ கீழயோ ஒரு புத்திமதி, விளிம்பு சுத்தி மேடு மேடா டெய்ஸி பூவோ இல்ல ஏ பி சி எழுத்தோ. எழுத்தையும் ஒழுக்கத்தையும் ஒரே வேளை சாப்பாட்டுல ஊட்டிடலாம்ங்கற கணக்கு, ஆத்திசூடில அகர வரிசையையும் அறத்தையும் சேர்த்து மனப்பாடம் பண்ண நமக்கு இது சுலபமா புரியும். ராபர்ட் ரெய்க்ஸ் 1780-ல குளோஸ்டர்ல ஞாயிறு பள்ளி ஆரம்பிச்ச பிறகு அந்த இயக்கம் நாடு முழுக்க பரவுச்சு, நல்லா படிச்ச பிள்ளைக்கு பரிசா குடுக்க ஏதாவது வேணும், அதுக்கு ‘நல்ல பொண்ணுக்கு ஒரு பரிசு’ன்னு எழுதின மக் ரொம்ப தோதா இருந்துச்சு.

வாசகங்கள் கொஞ்சம் பைபிள், கொஞ்சம் ஐசக் வாட்ஸ் 1715-ல குழந்தைங்களுக்குன்னு எழுதின பாட்டு, அப்புறம் பெஞ்சமின் பிராங்க்ளின். அமெரிக்காக்காரர் எப்படி இங்கிலாந்து தட்டுல வந்தார்னு கேப்பாங்க. அவர் 1732-ல இருந்து வருஷா வருஷம் ரிச்சர்ட்னு ஒரு ஏழை பேர்ல பஞ்சாங்கம் போட்டார், அதுல வந்த வாக்கியங்களை 1758-ல ஒரே கட்டுரையா கோத்தார், அது கடல் தாண்டி இங்க பயங்கரமா பரவுச்சு. ‘கடையை நீ காப்பாத்து, கடை உன்னைக் காப்பாத்தும்’, ‘ஏர்ல பிழைக்க நினைக்கிறவன் ஒண்ணு தானே பிடிக்கணும், இல்ல தானே ஓட்டணும்’, ‘ஒரு ஆடும் ஒரு மாடும் வந்ததும் ஊரே எனக்கு வணக்கம் சொல்லுது’. கடைசியா சொன்னது எனக்கு ரொம்பப் பிடிச்சது, அது புத்திமதியைவிட உலக அனுபவம்னுதான் சொல்லணும், அதையும் 6 வயசு பிள்ளை சாப்பிடற தட்டுல போட்டிருக்காங்க. பின்னாடி குடி ஒழிப்பு இயக்கம் வந்துச்சு, 1847-ல லீட்ஸ்ல ஆரம்பிச்ச பேண்ட் ஆஃப் ஹோப்ங்கற சங்கம் பிள்ளைங்க கிட்டயே மது தொட மாட்டேன்னு உறுதிமொழி வாங்குச்சு, அதுக்கும் தட்டு உண்டு.

செய்முறைதான் இங்க முக்கியம். செம்புத் தகட்டுல படத்தை செதுக்கி, மை தடவி, மெல்லிசு டிஷ்யூ பேப்பர்ல எடுத்து, முதல் சூடு முடிஞ்ச தட்டுல அழுத்தித் தேய்ப்பாங்க. அது மேல கிளேஸ், அதாவது சுட்டா கண்ணாடி மாதிரி ஆகற பூச்சு, அதுல முக்கி ரெண்டாவது சூடு. அப்ப படம் மண்ணுக்கும் கிளேஸுக்கும் நடுவுல மாட்டிக்கும். அதுக்கப்புறம் கிளேஸ் மேல சிவப்பு, பச்சை, மஞ்சள்னு தூரிகையில பொட்டு பொட்டா வச்சு, குறைஞ்ச சூட்டுல மூணாவது தடவை சுடுவாங்க. வர்ணம் வச்சது பெரும்பாலும் பெண்களும் பிள்ளைங்களும். 1841-ல சாமுவேல் ஸ்க்ரிவன்னு ஒரு அரசு அதிகாரி இந்தப் பட்டறைகளை சுத்திப் பாத்து, சூடான காயவைக்கிற அறைக்குள்ள அச்சோட தட்டைத் தூக்கிட்டு ஓடிக்கிட்டே இருக்கற சின்னப் பசங்களைப் பத்தி எழுதி வச்சார், தொழிற்சாலைச் சட்டம் பட்டறைகளுக்கு வந்ததே 1864-லதான். உழைப்போட பெருமை எழுதின தட்டுல பச்சைப் பொட்டு வச்சது யாரோ ஒரு குழந்தையா இருந்திருக்கலாம். அதனாலதான் அந்தப் பொட்டு கோட்டைத் தாண்டி வழிஞ்சிருந்தா எனக்கு அதை சரியில்லாத வேலைன்னு சொல்ல மனசு வராது.

மொத்தத்துல இது மலிவு சாமான். சந்தையில சல்லிசா வித்தது, அவசரமா செஞ்சது. மண்ணு கெட்டியா உருகாத மண்ணு, தண்ணியை செங்கல் மாதிரி உறிஞ்சும், கிளேஸ் மட்டும்தான் தடுப்பு, அந்தக் கிளேஸ்லயும் நாளடைவுல மயிரிழை வெடிப்பு விழுந்துடும். எண்ணெய், பால், கிரேவி எல்லாம் அந்த வெடிப்பு வழியா உள்ள இறங்கி மண்ணையே பழுப்பாக்கிடும். பாக்க டீக்கறை மாதிரி இருக்கும். மேல இருக்கற அழுக்குன்னுதான் எல்லாரும் நினைப்பாங்க, ஆனா அது கிளேஸுக்கு அடியில இருக்கு.

என்ன நடந்துச்சு

2022 நவம்பர்ல அந்தம்மா 19-ல சிலதை ஏலத்துக்கு குடுக்கலாம்னு முடிவு பண்ணாங்க. எல்லாத்தையும் சாப்பாட்டு மேசை மேல பரப்பிப் பாத்தப்ப ஒரே ஒரு தட்டு மட்டும் பளிச்சுன்னு பால் வெள்ளையா இருந்துச்சு, மத்ததெல்லாம் அது பக்கத்துல அழுக்கா தெரிஞ்சுச்சு. அந்த ஒண்ணு மாதிரியே எல்லாம் ஆகணும்னு தோணியிருக்கு. யாரோ ப்ளீச்ல ஊறவச்சா கறை போகும்னு சொல்லியிருக்காங்க. ரொம்பக் கறையா இருந்த 5 தட்டு, 2 மக்கை எடுத்து, பாத்ரூமுக்கு வாங்கற கெட்டி ப்ளீச்சை பக்கெட் தண்ணில ஊத்தி ராத்திரி முழுக்க முக்கி வச்சுட்டாங்க.

காலையில பாத்தா கறை போயிடுச்சு, சந்தோஷம். ஒரு மக்கோட கைப்பிடி மட்டும் தனியா பக்கெட் அடியில கிடந்துச்சு. அது முன்னாடியே எப்பவோ உடைஞ்சு பழைய காலத்து விலங்குப் பசையில ஒட்டினது, பசை தண்ணில கரைஞ்சுடுச்சு. சித்தி ஒட்டின பேப்பர் ஏழும் கூழாகி மிதந்துச்சு, அதை வடிகட்டி குப்பையில போட்டுட்டாங்க. இன்னொரு மக்கோட விளிம்புல இருந்த பிங்க் லஸ்டர் கோட்டை ஸ்க்ரப்பர் போட்டு தேய்ச்சதுல பாதி போயிடுச்சு. அது தங்கம் கலந்து பூசற மிக மெல்லிசான படலம், தேய்ச்சா திரும்ப வராது.

அப்புறம் குழாய்த் தண்ணில ரெண்டு தடவை அலசி, சீக்கிரம் காயட்டும்னு ரேடியேட்டர் மேல இருந்த ஷெல்ஃப்ல நிக்க வச்சுட்டாங்க.

மூணு வாரம் கழிச்சு எனக்கு போன் வந்துச்சு. “மேல வெள்ளையா பஞ்சு மாதிரி முளைச்சிருக்கு, தொட்டா கண்ணாடித் தூள் மாதிரி உதிருது”ன்னாங்க. அவங்க பொண்ணு வினிகர்ல போட்டா ப்ளீச் முறிஞ்சிடும்னு சொல்றாளாம். அது கூடவே கூடாதுன்னு உடனே சொல்லிட்டேன், ப்ளீச் மிச்சம் இருக்கற எதுலயும் வினிகர் பட்டா குளோரின் வாயு வரும், அது மூச்சுக்கு ஆபத்து, அதோட கிளேஸ் மேல வச்ச வர்ணத்தை அமிலம் அரிக்கும். “நான் வர்ற வரைக்கும் எதையும் தொடாதீங்க”ன்னு சொல்லிட்டு வச்சுட்டேன். நான் போனது 10 நாள் கழிச்சு.

நேர்ல பாத்தது

ரேடியேட்டர் ஷெல்ஃப் மேல மணல் தூவின மாதிரி கிளேஸ் சில்லு. நம்ம ஊர்ல பழைய செங்கல் சுவர்ல உப்பு பூத்து, பூச்சு பொரிஞ்சு விழும் இல்ல, அதேதான் இங்கயும், ஆனா உள்ளங்கை அளவுல. ப்ளீச் வேலை செஞ்சு முடிஞ்சா மிஞ்சறது பெரும்பாலும் சாதா உப்பு. அது தண்ணியோட மண்ணுக்குள்ள போயிடுச்சு, மேல அலசினா வெளிய வராது. ஹீட்டர் சூட்டுல வேகமா காய்ஞ்சப்ப உப்பு மேல ஏறி கிளேஸுக்கு அடியிலயே படிகமாகி அதை நெம்பிக் கழட்டுது.

10 மடங்கு பெருசா காட்டற லூப், அதாவது குட்டி பூதக்கண்ணாடி, வச்சு பாத்தேன். அதிகம் அடிபட்டது வாட்ஸோட தேனீப் பாட்டு போட்ட தட்டு. குட்டித் தேனீ எப்படித்தான் ஒவ்வொரு பளிச்சுன்ற பொழுதையும் வீணாக்காம உழைக்குதோங்கற முதல் ரெண்டு அடி. ரெண்டாவது அடியோட கடைசி வார்த்தை, ‘பொழுது’ங்கற இடம், அங்க ஒரு நகக்கண் அளவு கிளேஸ் எழும்பிப் போயிருக்கு. படம் கிளேஸுக்கு அடியில இருக்குன்னு சொன்னேன்ல, கிளேஸ் கழண்டா மை அதோட ஒட்டிக்கிட்டே போயிடும், மண்ணு மேல வெறும் வெள்ளைதான். அந்த சில்லை ஷெல்ஃப் மேல தேடினேன். ரெண்டு துண்டு கிடைச்சுச்சு, ஒண்ணுல அரை எழுத்து தெரிஞ்சுச்சு, மிச்சம் ஏற்கனவே துணி வச்சு துடைச்சுட்டாங்க.

குடி ஒழிப்புத் தட்டுல வேற பிரச்சனை, ஈரப் பஞ்சு லேசா வச்சதுமே சிவப்பு ஒட்டிக்கிட்டு வந்துச்சு. பிராங்க்ளின் கடைத் தட்டுலயும் ஏர்த் தட்டுலயும் விளிம்புல மட்டும் பூத்திருந்துச்சு. அஞ்சாவது, பிச்சை போடற பிள்ளை படம், அதுல பூப்பு இருந்தாலும் கிளேஸ் இன்னும் உறுதியா இருந்துச்சு.

அப்புறம் அந்த பால் வெள்ளைத் தட்டைக் கேட்டு வாங்கிப் பாத்தேன். லூப்ல படம் முழுக்க புள்ளி புள்ளியா, ஒரே சீரா, செய்தித்தாள் போட்டோ மாதிரி. செம்புத் தகட்டுல செதுக்கினதுன்னா கோடும் குத்தும் கையோட போக்குல இருக்கும். விளிம்புல ஒரு வெடிப்பு இல்ல, அடி வளையத்துல தேய்மானம் இல்ல, பின்னாடி மேட் இன் இங்கிலாந்துன்னு முத்திரை, அது 20-ம் நூற்றாண்டு வழக்கம், வெறும் இங்கிலாந்துன்னு போடறதே 1891-ல அமெரிக்க இறக்குமதிச் சட்டத்துக்காக வந்ததுதான். ஆக அது பிற்காலத்து நகல். மத்த 18-ம் எதை மாதிரி ஆகணும்னு ஆசைப்பட்டாங்களோ அது மட்டும்தான் பழசு இல்ல. இதை அவங்க கிட்ட சொன்னப்ப ரொம்ப நேரம் பேசல.

இன்னொரு விஷயம் தற்செயலா தெரிஞ்சுது. ஏ பி சி விளிம்பு போட்ட ஒரு தட்டு மேசையில இல்ல, கிச்சன்ல இருந்துச்சு, பேத்திக்கு 2 வயசு, அதுலதான் ஒரு மாசமா ஆப்பிள் துண்டும் தக்காளியும் குடுத்துட்டிருந்தாங்க, எழுத்து கத்துக்கட்டும்னு. அந்தக் காலக் கிளேஸ்ல ஈயம் உண்டு. நம்ம ரசம் வைக்கிற ஈயச்சொம்பு வெள்ளீயம், அது வேற, இது காரீயம், விஷம். மேல வச்ச வர்ணத்துலயும் உண்டு, புளிப்பு பட்டா கசியும், வெடிப்பு விழுந்ததுல இன்னும் அதிகம். கிளேஸ் முக்கற வேலை பாத்தவங்க கை கால் விழுந்துபோனதுக்கு காரணமே அதுதான்.

எடுத்த முடிவுகளும் காரணமும்

முதல்ல அந்த ஏ பி சி தட்டை கிச்சன்லருந்து எடுத்தோம், அதுல விவாதமே இல்ல. பிள்ளையை ஜிபி, அதாவது குடும்ப டாக்டர், கிட்ட கூட்டிட்டுப் போய் ரத்தத்துல ஈயம் டெஸ்ட் எடுக்கச் சொன்னேன். நான் டாக்டர் இல்ல, பயமுறுத்தவும் விரும்பல, ஆனா சொல்லாம விட்டிருந்தா தூக்கம் வந்திருக்காது.

தொடாத 12-ஐயும் எதுவும் பண்றதில்லன்னு முடிவு. தூசி மட்டும் மென்மையான பிரஷ்ல தட்டலாம், கறை இருந்தா இருக்கட்டும். அதுல ஒரு தட்டு ரெண்டா உடைஞ்சு பின்னாடி பித்தளைக் கம்பித் தையல் போட்டு இழுத்துப் பிடிச்சிருந்துச்சு, மூணு தையல். நல்ல பசை வர்றதுக்கு முன்னாடி அப்படித்தான் பண்ணுவாங்க, பாதி ஆழத்துக்கு துளை போட்டு கம்பியை மாட்டுவாங்க. அந்தம்மா அதைக் கழட்டி ஒட்டிடலாமான்னு கேட்டாங்க. வேண்டாம்னேன். ஒரு மலிவுத் தட்டு உடைஞ்சப்ப காசு குடுத்து தைக்கற அளவுக்கு அந்த வீட்ல யாருக்கோ அது முக்கியமா இருந்திருக்கு, அந்தக் கம்பியை எடுத்தா அந்த சாட்சியும் போயிடும்.

கெட்டுப்போன 7-ல எது யார் கைக்குங்கறதுதான் கஷ்டமான கேள்வி. இங்க இன்ஸ்டிட்யூட் ஆஃப் கன்சர்வேஷன்னு ஒரு அமைப்பு இருக்கு, அங்கீகாரம் உள்ள கன்சர்வேட்டர் பட்டியல் அவங்க கிட்ட கிடைக்கும், அதுலருந்து பீங்கான் பாக்கற ஒருத்தரைப் பிடிச்சோம். அவங்க சொன்ன கூலி அந்த ஏழோட சந்தை விலையைவிட அதிகம். நான் பணக்கணக்கு மட்டும் பாத்தா விட்டுடுங்கன்னுதான் சொல்லியிருப்பேன். அந்தம்மா, “என் சித்தி 70 வருஷம் வச்சிருந்ததை நான் ஒரு ராத்திரியில அழிச்சேன், அது என் கணக்குல இருக்கட்டும்”னாங்க. கடைசில கிளேஸ் உதிர்ற தேனீத் தட்டு, வர்ணம் எழும்பற குடி ஒழிப்புத் தட்டு, கைப்பிடி போன மக், இந்த மூணும் கன்சர்வேட்டர் கைக்கு. மீதி நாலும் கிளேஸ் உறுதியா இருக்கறதால அவங்க மேற்பார்வையில வீட்லயே உப்பு இறக்கறதுன்னு முடிவாச்சு.

அந்த நாலுல எதுவும் ஒரு வருஷத்துக்கு விக்கறதில்ல, பின்னாடி வித்தாலும் ப்ளீச் பட்டதுன்னு எழுத்துல சொல்லித்தான் விக்கறதுன்னும் அன்னிக்கே பேசிக்கிட்டோம். ஏன்னா இப்ப பாக்க வெள்ளையா அழகா இருக்கும், வாங்கினவர் வீட்ல குளிர்காலத்துல ஹீட்டர் போட்டதும் பூக்கும்.

அதுக்கப்புறம்

வீட்ல பண்ணது இப்படி. கார் பேட்டரிக்கு விக்கிற, உப்பு எடுத்த டீஅயனைஸ்டு தண்ணி கேன் கேனா வாங்கி, தட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் டப், அடியில வலை வச்சு அது மேல தட்டு. தண்ணி உள்ள போய் உப்பைக் கரைச்சு மெல்ல மெல்ல வெளிய வரும். முதல்ல தினமும், அப்புறம் மூணு நாளைக்கு ஒருதரம் தண்ணி மாத்தணும். எவ்வளவு வருதுன்னு பாக்க நம்ம ஊர்ல ஆர்ஓ வாட்டர் செக் பண்ற அதே டிடிஎஸ் பேனாதான், தண்ணில கரைஞ்ச உப்பைக் காட்டற மீட்டர். முதல் நாள் தண்ணியை ஒரு கண்ணாடிக் குழாயில எடுத்து கன்சர்வேட்டர் உப்பு இருந்தா வெளுக்கற சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு விட்டுக் காட்டினாங்க, தெளிவா இருந்த தண்ணி சட்டுன்னு பால் கலந்த மாதிரி ஆயிடுச்சு. அந்தம்மா அதைப் பாத்த முகம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு, அதுவரைக்கும் நாங்க சொன்னதை நம்பினாங்க, அப்பதான் கண்ணால பாத்தாங்க. குழாய்த் தண்ணில இந்த டெஸ்ட் பண்ணாதீங்க, அதுலயே குளோரைடு இருக்கறதால எப்படியும் வெளுக்கும்.

ஏர்த் தட்டும் கடைத் தட்டும் ஏறக்குறைய ஒரு மாசத்துல மீட்டர் ஏறாம நின்னுச்சு. பிச்சை போடற பிள்ளைத் தட்டுக்கு 2 மாசம் ஆச்சு. லஸ்டர் மக்கும் அதுக்குள்ள முடிஞ்சுது, ஆனா அந்த பிங்க் கோடு போனது போனதுதான், அதைத் திரும்ப வரையலாமான்னு பேச்சு வந்தப்ப எல்லாருமே வேண்டாம்னுட்டோம். காய வைக்கறதுதான் பொறுமைக்கு சோதனை, ஹீட்டர் இல்லாத ரூம்ல பருத்தித் துணி மூடி வாரக்கணக்கா வச்சோம், வேகமா காஞ்சதுதானே முதல்ல கெடுத்துச்சு.

கன்சர்வேட்டர் குடி ஒழிப்புத் தட்டை தண்ணில முக்கவே இல்ல. எழும்பின வர்ணத்தை முதல்ல மெலிசா கரைச்ச பாரலாய்டு பி-72ங்கற பிசின் வச்சு உக்கார வச்சு, ஈரக் காகிதக் கூழை வர்ணம் இல்லாத இடத்துல மட்டும் பத்து மாதிரி போட்டுப் போட்டு உப்பை இழுத்தாங்க. அதே பாரலாய்டுலதான் மக்கோட கைப்பிடியும் ஒட்டினாங்க, அசிட்டோன்ல கரையும்ங்கறதால நாளைக்கு வேற யாராவது பிரிக்கணும்னா பிரிக்கலாம். எபாக்ஸி போட்டா அது முடியாது, மஞ்சளாவும் ஆகும். தேனீத் தட்டுல கிடைச்ச ரெண்டு சில்லையும் திரும்ப வச்சாங்க. மிச்ச இடத்தை நிரப்பி எழுத்தை வரைஞ்சு குடுக்கவான்னு கேட்டாங்க, அந்தம்மா வேண்டாம்னாங்க.

பேத்தியோட ரத்தப் பரிசோதனை கவலைப்பட ஒண்ணுமில்லன்னு வந்துச்சு.

தொடாத 12-ல 6-ஐ 2023 இலையுதிர் காலத்துல ஒரு உள்ளூர் ஏலத்துக்கு குடுத்தாங்க. கறையோட, வெடிப்போட, சித்தியோட பென்சில் பேப்பரோட அப்படியே. கேட்லாக்ல அந்தப் பேப்பரைப் பத்தியும் ஒரு வரி போடச் சொன்னேன். அதுல ஒரு மக் பேர்ல்வேர், அதாவது கிளேஸ்ல துளி கோபால்ட் இருக்கும், அடி வளையத்து இடுக்குல நீலம் தேங்கி நிக்கும், அதை வச்சே 1820 வாக்குலன்னு சொல்லலாம், அதுக்குத்தான் போட்டி அதிகமா இருந்துச்சு. கறையைப் பத்தி ஏலத்துல ஒருத்தர் கூட கேக்கல. பேப்பர் எங்க, அதை மட்டும் மூணு பேர் கேட்டாங்க.

பக்கெட்ல போன ஏழு பேப்பர்ல ரெண்டோட தகவல் மட்டும் மீண்டுச்சு. ப்ளீச் போடறதுக்கு முன்னாடி பொண்ணு எடுத்த ஒரு போன் போட்டோல ரெண்டு தட்டு கவுந்து கிடந்துச்சு, பெருசு பண்ணிப் பாத்ததுல படிக்க முடிஞ்சுச்சு. மீதி அஞ்சும் எங்கிருந்து வந்ததுன்னு இனி யாருக்கும் தெரியாது. உதிர்ந்த கிளேஸைவிட எனக்கு இதுதான் பெரிய இழப்பு.

திரும்ப நடந்தா என்ன மாத்துவேன்

அந்த முதல் போன். “எதையும் தொடாதீங்க”ன்னு சொன்னது பாதுகாப்பா சொன்ன மாதிரி இருந்தாலும் அதுதான் என் தப்பு. உப்பு ஏறின மண்ணு காயக் காயத்தான் கெடும், நான் போறதுக்குள்ள 10 நாள் அது ரேடியேட்டர் மேலயே காய்ஞ்சுட்டிருந்துச்சு. அன்னிக்கே போட்டோ அனுப்பச் சொல்லி, ஒட்டு இல்லாததையும் வர்ணம் உறுதியா இருக்கறதையும் உடனே சுத்தமான தண்ணில போட்டு வைங்க, மத்ததை குளிர்ந்த ரூமுக்கு மாத்தி மூடி வைங்கன்னு சொல்லியிருக்கணும். காய ஆரம்பிச்சு மூணு வாரம் ஆனதை முழுசா தடுத்திருக்க முடியாது, ஆனா தேனீத் தட்டுல அந்த வார்த்தை விழுந்தது கடைசி ஒரு வாரத்துலதான்னு அவங்களே சொன்னாங்க. இப்ப யார் ப்ளீச்னு போன் பண்ணாலும் நான் முதல்ல கேக்கறது, ‘ஈரமா இருக்கா காஞ்சிடுச்சா’.

ரெண்டாவது, உதிர்ந்த தூளைத் துடைக்காதீங்கன்னு சொல்ல மறந்துட்டேன். அடியில ஒரு வெள்ளைப் பேப்பர் விரிச்சு வைங்கன்னு ஒரு வாக்கியம் சொல்லியிருந்தா இன்னும் சில சில்லு கிடைச்சிருக்கும்.

அந்தம்மா தன் பங்குக்கு சொன்னது, கழுவறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணையும் முன்னாடி பின்னாடி ஒரு போட்டோ எடுத்திருப்பேன்னு. எனக்கு அதோட இன்னொண்ணும் உண்டு. சித்தி உயிரோட இருந்தப்பவே, 2019-ல ஒரு ஃபேர்ல, என் ஸ்டாலுக்கு வந்து ஒரு மக்கைப் பத்தி பேசிட்டுப் போயிருக்காங்க, அது யார்னு எனக்கு இந்த வீட்டுக்குப் போய் போட்டோ பாத்தப்பதான் தெரிஞ்சுச்சு. தொகுப்பு வச்சிருக்கற வயசானவங்க கிட்ட, உங்களுக்கு அப்புறம் இதை வாங்கிக்கப் போறவங்களுக்கு ஒரு பக்கம் எழுதி வைங்கன்னு இப்ப நேராவே கேக்கறேன். கழுவாதீங்க, இதுல சாப்பிடாதீங்க, இந்தப் பேப்பரைப் பிரிக்காதீங்க, சந்தேகம்னா இன்னாரைக் கூப்பிடுங்கன்னு நாலு வரி, தட்டு இருக்கற பெட்டிக்குள்ளயே. சிலர் முகம் சுளிக்கறாங்க, பெரும்பாலானவங்க எழுதறாங்க.

2024 மார்ச், கடைசியா பாத்தப்ப

ஏர்த் தட்டும் கடைத் தட்டும் ரெண்டு குளிர்காலம் தாங்கிடுச்சு, புதுசா பூப்பு இல்ல. கைப்பிடி மக் கண்ணாடி அலமாரியில இருக்கு. தையல் போட்ட தட்டை பின்பக்கம் தெரியற மாதிரி ஒரு ஸ்டாண்ட்ல திருப்பி வச்சிருக்காங்க. பால் வெள்ளை நகல் தட்டுல எழுத்து இருக்கறதால பேத்தி விளையாடக் குடுத்திருக்காங்க, சாப்பிட இல்ல.

பிச்சை போடற பிள்ளைத் தட்டுல விளிம்பு ஓரமா, டெய்ஸி பூவோட இடுக்குல, லூப்ல பாத்தா மறுபடி மெல்லிசா வெள்ளை. மீட்டர் நின்னுடுச்சுன்னு நாங்க ஒரு வாரம் முன்னாடியே எடுத்துட்டோம்னு நினைக்கறேன். அந்தம்மா எதுவும் கேக்கல, கார் டிக்கில இருந்து தண்ணி கேனை எடுத்துட்டு வந்தாங்க, அன்னிக்கு சாயங்காலமே டப்ல போட்டாச்சு.